கண்ணசரச் சொன்னவள்

தென்காசியில் அந்தப் பழைய தியேட்டரை இடிக்கவில்லை. முகப்பில் உருண்டைத் தூண்களை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே மட்டும் எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாக்கியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் என் மகள் லீவுக்கு வந்தவள், "எம்மா, தியேட்டர எப்படி மாத்திருக்காவன்னு பாத்துட்டு வருவோம், கெளம்பு" என்றாள். இடுப்பு வலிக்கிறது என்றேன். "அங்க படுத்துக்கிட்டே படம் பாக்கலாம்மா" என்றாள். வீடு நிறையக் குற்றாலச் சீசன் விருந்தாளிகள். அவளுடைய அறையையும் அவர்களுக்குத்தான் கொடுத்திருந்தோம். எங்கேயாவது போய்ச் சேர்ந்தால் போதும் என்று நானும் புறப்பட்டேன்.

படம் தொடங்க நேரம் இருந்தது. வீடு வாங்க வந்தவளுக்குக் காட்டுவதுபோல் மகள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கையை நீட்டினால் தானே தண்ணீர் ஊற்றும் குழாய், இடுப்புவரை தெரியும் கண்ணாடி, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறைக் கதவு. அந்தத் தாழ்ப்பாளை மட்டும் நான் போட்டும் திறந்தும் பார்த்தேன். என் காலத்தில் பெண்கள் பக்கத்துக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். பாட்டு வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, ஒருத்தி வெளியே கதவைப் பிடிக்க இன்னொருத்தி உள்ளே போவோம். இப்போது சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதைகூடப் போட்டிருக்கிறார்கள். பழசை நினைத்து ஏங்க எனக்கு ஒன்றுமில்லை. மூட்டைப்பூச்சிக் கடியை எவள் நினைத்து ஏங்குவாள்?

எங்கள் இருக்கை கடைசி வரிசையில் இடது மூலையில் இருந்தது. அங்கே போனதும் உட்காராமல் நின்றுவிட்டேன்.

"என்னம்மா, முட்டு பிடிச்சுக்கிட்டா?"

"இங்கன ஒரு கண்ணாடி ரூம் இருந்துச்சு. கைப்பிள்ளையில நீ அதுக்குள்ளதான் தூங்குவ."

"தியேட்டர்லயா? நானா?" என்று சிரித்தாள். அவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது.

அழுகிற பிள்ளைகளுக்கென்றே கட்டிய அறை அது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளிருந்து திரையைப் பார்க்கலாம், பிள்ளை கத்தினால் சத்தம் வெளியே போகாது. உத்தரத்து வளையங்களில் சேலைத் தொட்டில்கள் தொங்கும். சுவரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. அதில் வசனம் பாதி வரும், பாதி கரகரக்கும். தாய்மார் உட்கார ஒரு சாய்வு பெஞ்சு. அந்த அறைக்கு ஒருத்தி பொறுப்பு. எல்லாருக்கும் அவள் தொட்டிலக்கா. அவள் பெயரை நான் கேட்டதில்லை, அவளும் என் பெயரைக் கேட்டதில்லை.

முதல்முறை அங்கே போனபோது மகளுக்கு மூன்றாம் மாதம். படத்தில் சண்டை தொடங்கியதும் பிள்ளை வீறிட்டது. முன்வரிசையில் இருந்து விசில் வந்தது, டார்ச்காரர் என் மூஞ்சியில் வெளிச்சம் அடித்துக் கண்ணாடி அறையைக் காட்டினார். உள்ளே போனேன். வத்தலும் தொத்தலுமாக ஒரு பெண், கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள். அந்தப் பென்சில் எதற்கென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எப்பத் தூங்குன?"

"காலையில கொஞ்ச நேரம் தூங்குனாக்கா. பொறவு…"

"பிள்ளையக் கேக்கலட்டி. ஒன்னயத்தான் கேக்கேன்."

யோசித்துப் பார்த்தால் எப்போது என்று எனக்கே தெரியவில்லை. அவள் பெஞ்சைத் தட்டினாள். "இங்கன சாயி. படம் ஒண்ணும் ஓடிப் போவாது. செத்தக் கண்ணசரு." சாய்ந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது விளக்குப் போட்டதும் மரநாற்காலிகள் படபடவென்று மடங்கிய சத்தமும்தான். வாயோரம் எச்சில் வடிந்திருந்தது. அவள் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

நான் ஏன் அப்படித் தூங்கினேன் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. சாரல் விழுந்துவிட்டால், இந்த வீட்டுக்கு எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும். பொண்ணு எடுத்தவர்கள், கொடுத்தவர்கள், எடுக்கலாமா என்று ஒருகாலத்தில் பேசிவிட்டு விட்டவர்கள், எல்லாரும் பையோடு வருவார்கள். அருவியில் குளித்தால் அகோரப் பசி எடுக்கும். காலையில் தின்ற இட்லி அருவியோடு போய்விடும். திரும்பி வந்து இரண்டாம் தரம் கேட்பார்கள். ஈரத்துணி காயாது. கொடியில், ஜன்னல் கம்பியில், சாமி அலமாரிக் கதவில்கூட அடுத்தவர் ஜட்டி தொங்கும். அந்தக் குடும்பத்தில் கடைசியாக வந்த மருமகள் நான். மடியில் கைப்பிள்ளை. அருவி என் வீட்டிலிருந்து பக்கம்தான். ஆனால் சீசனில் நான் குளித்தது குளியலறைக் குழாயில்தான்.

அருவியில் வெள்ளம் வந்துவிட்டால் போலீஸ் குளிக்க விடமாட்டார்கள். அன்றைக்கு விருந்தாளிகள் முகம் தொங்கிப் போகும். என் மாமியார் அவர்களைத் திரட்டித் தியேட்டருக்குக் கூட்டிப் போவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் போக வேண்டும். எல்லாரும் படம் பார்ப்பார்கள், நான் கண்ணாடி அறைக்குப் போவேன். வெள்ளம் வரவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்ட ஒரே குற்றாலத்துக்காரி நானாகத்தான் இருப்பேன்.

தொட்டிலக்காவைத் தேவதை மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு எப்போதும் எரிச்சல்தான். கண்ணாடி அறைக்குள் முழித்திருக்கும் பெண்ணைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கடையத்திலிருந்து ஒரு டீச்சர் கைக்குழந்தையோடு வந்திருந்தார். தனக்குப் பிடித்த நடிகரைப் பார்க்க ஆசை ஆசையாக வந்தவர். கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிலக்கா ஒரு பழைய சேலையை எடுத்துக் கண்ணாடிக்குக் குறுக்கே கட்டிவிட்டாள்.

"என்னங்க இது, நான் காசு குடுத்துல்லா வந்திருக்கேன்!"

"ஒன் கண்ணு குழியில கெடக்கு. அவன் மூஞ்சியப் பாத்தா அது மேல வந்திருமா? சாயிட்டி."

டீச்சர் கத்திப் பார்த்தார், மேனேஜரிடம் சொல்வேன் என்றார். தொட்டிலக்கா சேலையை அவிழ்க்கவில்லை. கடைசியில் அந்த டீச்சர் அழுதுகொண்டே உட்கார்ந்தார், அழுதுகொண்டே தூங்கியும் போனார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அவருக்கு வேண்டியது அந்த நடிகர்தானே, தூக்கம் இல்லையே என்று தோன்றியது. அதைத் தொட்டிலக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எந்தப் படத்தின் கதையும் அவளுக்குத் தெரியாது. தூங்கி எழுந்தவள் எவளாவது, "அக்கா, அவன் செத்துட்டானா?" என்று கேட்டால், "எவன்?" என்பாள். திரைக்கு முதுகைக் காட்டித் தொட்டில்களைப் பார்த்தபடிதான் எப்போதும் தரையில் உட்காருவாள். அழுகிற பிள்ளைக்கு ஒரு பாலாடை ஓமத்தண்ணி கொடுத்து, காலை நீட்டி அதன்மேல் குப்புறப் போட்டு முதுகில் தட்டுவாள். அந்த ஓமத்தண்ணியைத் தட்டையான ஒரு பிராந்திக் குப்பியில் வைத்திருந்தாள். இடுப்பில் செருகிக்கொள்ள அதுதான் வசதி என்பாள். குப்பியை மாற்றுங்கள் அக்கா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். "பிள்ளையளுக்குக் குப்பி தெரியுமா, தண்ணி தெரியுமா?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

ஒருநாள் விடிகாலையில் விருந்தாளிகளுக்குத் துணையாக ஐந்தருவிக்குப் போக நேர்ந்தது. குளிக்க இல்லை, துணிப்பையைக் காவல் காக்க. அங்கே பழக்கடைகளுக்கு மங்குஸ்தான் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் தொட்டிலக்காவும் இருந்தாள். மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள், முழங்கால்வரை ஈரம். காலையில் அங்கே சுமை இறக்குவாள், பத்து மணிக்குப் பஸ் பிடித்துத் தென்காசிக்கு வந்து ராத்திரி ஆட்டம்வரை தியேட்டரில் இருப்பாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நீங்க எப்பக்கா தூங்குவிய?"

"சீசன் முடியட்டும்."

சீசன் முடிந்து ஐப்பசியில் தியேட்டருக்குப் போனபோது அதையே மறுபடி கேட்டேன். "மழ முடியட்டும்" என்றாள். எரிச்சலாக வந்தது எனக்கு. ஊரில் உள்ளவளை எல்லாம் சாயச் சொல்லுகிறவளுக்குத் தன்னைச் சாய்க்கத் தெரியவில்லையே என்று வீடு வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தேன்.

மறு வருஷச் சீசனில்தான் அது நடந்தது. என் கணவரின் அக்கா, மதுரையில் வாழ்க்கைப்பட்ட மதினி, கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். அந்தப் பையன் சாரல் காற்று ஒத்துக்கொள்ளாமல் வந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தான். முந்தின நாள் பெருவெள்ளம். ஐந்தருவிப் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வழக்கம்போல எல்லாரும் தியேட்டருக்குப் போனோம். மதினி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் படம் பார்க்கப் போனாள். என் பிள்ளையை ஒரு இடுப்பிலும் அவள் பிள்ளையை ஒரு இடுப்பிலும் வைத்துக்கொண்டு நான் கண்ணாடி அறைக்குப் போனேன்.

தொட்டிலக்காவின் கண் சிவந்து கிடந்தது. கடைச் சாமான்களை எல்லாம் மேட்டுக்குச் சுமந்துவிட்டு நேராக வந்ததாகச் சொன்னாள். இரண்டு பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டாள். மதினி பிள்ளைக்கு ஓமத்தண்ணி கொடுத்துத் தட்டினாள். இத்தனை நாள் அழுத களைப்போ என்னவோ, அவன் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டான். நான் சாயப்போகும்போது இடைவேளை விட்டார்கள்.

மதினி பப்ஸைக் கடித்துக்கொண்டே வந்தாள். பால் கொடுக்க எழுப்பினாள். அவன் அசையவில்லை. கன்னத்தைத் தட்டினாள், காலைச் சுண்டினாள். ஹும் என்று ஒரு முனகலோடு மறுபடி தூங்கினான். அப்போது தொட்டிலக்கா இடுப்பில் இருந்த குப்பி மதினி கண்ணில் பட்டுவிட்டது.

"ஐயோ, எம்பிள்ளைக்குச் சாராயத்தக் குடுத்திட்டாளே! அபினியக் கலந்திருக்கா பாவி!"

என் மாமியார் ஓடி வந்தார். மேனேஜர் அண்ணாச்சி ஓடி வந்தார். "ஆச்சி, சத்தம் போடாதிய, கூட்டம் கூடுது" என்று என் மாமியாரிடம் கெஞ்சினார். தொட்டிலக்கா குப்பியைத் திறந்து மேனேஜர் மூக்கில் நீட்டினாள். ஓமம்தான் மணத்தது. மதினி விடவில்லை. "மணத்துக்கு ஓமம், மயக்கத்துக்கு வேற. இவ கையில மட்டும் எல்லாப் பிள்ளையளும் எப்படித் தூங்குது?"

தொட்டிலக்கா அண்ணாந்து குப்பியில் பாதியை மடமடவென்று குடித்தாள். "இப்ப இங்கனயே இருக்கேன். படம் முடியமுட்டும் எல்லாரும் என்னயப் பாத்துக்கிட்டே இருங்க. மயங்குதேனான்னு பாருங்க."

மேனேஜருக்கும் அது சரியென்று பட்டது. "நீ முழிச்சிருந்தா சோலி முடிஞ்சுது. சாஞ்சன்னா நாளையிலருந்து வரவேண்டாம். ஏம் பேரும் கெட்டுப் போவுது" என்றார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும், அவள் உட்கார்ந்ததே தப்பு என்று. நான் பார்த்தவரை நின்றுகொண்டும் தரையில் உட்கார்ந்துகொண்டும் இருந்தவள், அந்தச் சாய்வு பெஞ்சில் முதுகு படும்படி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. விளக்கு அணைந்தது. படம் மறுபடி ஓடியது. ஒரு பாட்டு முடிவதற்குள் அவள் தலை தொங்கிவிட்டது. கொண்டை அவிழ்ந்து பென்சில் தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று மதினி குதித்தாள். மேனேஜர் தொட்டிலக்காவின் தோளைப் பிடித்து உலுக்கக் கை நீட்டினார்.

"எழுப்பாதிய!" என்று கத்தியது நான்தான். மாமியார் முன்னால் அதுவரை நான் சத்தமாகப் பேசியதே இல்லை. குப்பியை எடுத்தேன். மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். "அண்ணாச்சி, அவங்க வெள்ளத்துல சொமந்துட்டு வந்திருக்காங்க, அதான் தூங்குதாங்க. இப்ப நானும் குடிச்சாச்சு. படம் முடியுத வரைக்கும் என்னயப் பாருங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் நானும் கோழி கூவ எழுந்து அடுப்படியில் நின்றவள்தானே. அந்த அறைக்குள் போனாலே தூங்கிப் பழகிய உடம்பு. இருட்டும், தொட்டில் ஆட்டமும், கரகரக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து கண்ணைச் செருகின. உட்கார்ந்தால் தொலைந்தேன் என்று கண்ணாடியோடு நின்றேன். தொடையைக் கிள்ளினேன். உதட்டைக் கடித்தேன். அதுவும் பலிக்காமல் படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். யார் யாருக்கு மகன், எவன் எவளை ஏமாற்றினான், பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் கவனித்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. அவள் வேலை என் கண் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசிச் சண்டையில் மதினி பிள்ளை எழுந்து பசியில் ஊரைக் கூட்டினான். மதினி அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மேனேஜர் போகவில்லை. திரையில் வணக்கம் போட்டு விளக்கு எரிகிற வரைக்கும் நின்று, என் கண்களை உற்றுப் பார்த்துவிட்டு, "ஓமத்தண்ணிதான் போலுக்கு. அந்தக் குப்பிய மட்டும் மாத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்காலிகள் மடங்கிய சத்தத்தில் தொட்டிலக்கா திடுக்கிட்டு எழுந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. செக்கச் சிவந்த கண்ணோடு நான் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, நீ கண்ணசரலையா? இம்புட்டு நேரமும் என்னத்தப் பாத்துக்கிட்டு நின்ன?"

"படம் பாத்தேங்க்கா."

"கோட்டிக்காரி" என்று பென்சிலைத் தேடி எடுத்துக் கொண்டையில் செருகினாள்.

ஆட்டோவில் வரும்போது மாமியார் என்னைப் பார்க்காமலே கேட்டார். "அதுல நெசமாவே எதாவது இருந்திருந்தா என்னட்டி பண்ணியிருப்ப?"

"நல்லாத் தூங்கியிருப்பேன் அத்த" என்றேன்.

பிறகு மகள் வளர்ந்துவிட்டாள். கண்ணாடி அறைக்குப் போகக் காரணம் இல்லாமல் போயிற்று. தியேட்டரை மூடினார்கள். தொட்டிலக்கா சிவகிரிப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அங்கேயாவது அவளை யாராவது சாயச் சொன்னார்களா, தெரியாது. மாமியாரும் காலமாகிவிட்டார். சொந்தக்காரர்கள் வருவது மட்டும் நிற்கவில்லை.

"எம்மா, இந்த பட்டன அமுக்கு" என்றாள் மகள். அமுக்கினேன். முதுகு பின்னால் போயிற்று, கால் மேலே எழும்பியது. நல்ல மெத்தைதான். ஆனால் தூக்கம் வரவில்லை. அதட்டிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் எனக்குச் சாய வராது போலிருக்கிறது. பக்கத்தில் திரும்பினால், படத்தில் பெயர் போட்டு முடிவதற்குள் மகள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வீட்டுக்கு வந்தும் விருந்தாளிகளோடு ஹாலில் முடங்கிக் கிடந்தவள். படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்று சொல்லி என்னைக் கூட்டி வந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் படத்தைப் பார்த்தேன். இந்த மூலையிலிருந்து நான் இடைவேளைக்குப் பிறகு ஒழுங்காகப் பார்த்த இரண்டாவது படம் அது.

விளக்குப் போட்டார்கள். கூட்டம் போய்விட்டது. துடைப்பத்தோடு ஒருவர் வரிசை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்து நின்று, "ஆச்சி, படம் முடிஞ்சிட்டு. அடுத்த ஆட்டத்துக்கு ஆள் விடணும். அவங்கள எழுப்புங்க" என்றார்.

"முன்னாடி இருக்குதெல்லாம் கூட்டி முடிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல ஆச்சி."

"அப்பம் அதக் கூட்டிட்டு வாங்க. அவ செத்தக் கண்ணசரட்டும்."